மூடியவர் விரல்

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று இருபதுக்கு நான் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதம், மாவடு. அவசர போன் அடித்தது. கோயம்புத்தூரில் எங்கள் கம்பெனியின் அவசர போனுக்கு நேரங்காலம் கிடையாது. பசியோடு இருப்பவன் எவனோ அவனைத் தேடித்தான் அடிக்கும்.

"சார், ரோச் பேசுதேன். தெக்குத் தீவுலேருந்து. மாமியா விடமாட்டேங்கா சார்."

மாமியார் என்றால் எங்கள் பெட்டி. சின்ன விமானங்களின் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்னணுப் பெட்டி. கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'ஐயமிலி'. விளம்பரப் பிரிவில் யாரோ அகராதியைப் புரட்டிக் கண்டுபிடித்தது. ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்தியானால்தான் யாரையும் வாசலைத் தாண்ட விடும் என்பதால் மெக்கானிக்குகள் அதை மாமியார் என்றார்கள். அந்த ஆயிரம் கேள்விகளையும் எழுதியவன் நான், சம்பந்தமூர்த்தி. இருபத்தாறு வருஷ சர்வீஸ். அந்தப் பட்டம் எனக்கும் பொருந்தும் என்று என் மனைவியே சொல்வாள்.

"எந்தக் கேள்வியில நிக்குது ரோச்?"

"ஒரே கைன்னு சொல்லுது சார்."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை எடுத்துக் காகிதத்தில் துடைத்தேன்.

அந்தத் தீவில் ஒரு விமானம், இரண்டு மெக்கானிக்குகள். ரோச்சும் செலஸ்டினும். இருவரும் தூத்துக்குடிக்காரர்கள், பிழைப்புக்காக அங்கே போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை, நூறு மணி நேரம் பறந்தபின் செய்யும் சர்வீஸ். வழக்கம்போல் இடது பெட்டியை ரோச் திறந்தார், வலது பெட்டியை செலஸ்டின். பதினொரு மணிக்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரோச் அவளை ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, விமானம் எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று அவள் பாதியில் விட்ட வலது பெட்டியையும் தானே மூடினார். மூடியவர் யாரோ அவர் விரலை வைக்கச் சொல்லிப் பெட்டி கேட்கும். அவர் இரண்டிலும் தன் விரலையே வைத்தார்.

"நீங்க யோக்கியமா வச்சீங்க, அதுவும் யோக்கியமா நிக்குது" என்றேன். "என்ன அவசரம்? பெரிய தீவுலேருந்து இன்னொரு மெக்கானிக்கை வரச் சொல்லி..."

"கொண்டுபோவ வேண்டியதே செலஸ்டினத்தான் சார்."

போனை வேறு யாரோ பிடுங்கிக்கொண்டார்கள்.

"நான் டாக்டர் வைதேகி. கரு குழாயில தங்கி வெடிச்சிருக்கு. வயித்துக்குள்ள ரத்தம் கொட்டுது. இங்க தியேட்டர் கிடையாது, ரத்தம் ரெண்டே யூனிட். ஹெலிகாப்டர் வடக்க புயல் மீட்புக்குப் போயிருக்கு. கப்பல்ல போனா நாளைக்குக் காலைல. உங்க விமானம் என் கண்ணு முன்னாடி நிக்குது. ஸ்டார்ட் பண்ணுங்க."

"டாக்டர், எதுக்கு ரெண்டு பெட்டி வச்சிருக்கோம்? ஒண்ணு செத்தா இன்னொண்ணு எஞ்சினை ஓட்டணும். ரெண்டையும் ஒரே ஆள் மூடினா, அவர் ஒரு தப்பு பண்ணியிருந்தா அதே தப்பு ரெண்டுலயும் இருக்கும். ரெண்டும் சேர்ந்து நின்னுடும். கீழ ரெண்டரை மணி நேரத்துக்கு வெறும் கடல்."

"தப்பு பண்ணியிருக்காரா?"

"தெரியாது."

"எவ்வளவு சான்ஸ்?"

"அறுபதுல ஒண்ணுன்னு பெட்டி கணக்குப் போடுது."

"இங்கயே படுத்திருந்தா இந்தப் பொண்ணுக்கு அறுபதுக்கு அறுபது."

"விமானத்துல அவங்க மட்டும் போகலையே. இன்னும் மூணு பேர் போகணும்."

"அந்த மூணுல ஒருத்தி நான்தான்" என்றார் டாக்டர்.

டிபன் பாக்ஸை மூடித் தள்ளி வைத்தேன்.

இந்த 'ஒரே கை' விதி ஏதோ ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்ததல்ல. எட்டு வருஷத்துக்கு முன் நான் கம்பெனி சார்பில் ஒரு விபத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு நல்ல மெக்கானிக், ஒரே மத்தியானத்தில் இரண்டு பெட்டிகளையும் மாற்றியிருந்தார். பெயிண்டைச் சுரண்டாமல் எர்த் ஒயரை முடுக்கிவிட்டார், இரண்டு பக்கமும். நாலு பேர். அவர்களில் ஒரு சின்னப் பெண்ணின் செருப்பை நான் கையில் எடுத்துப் பார்த்தேன், எடுத்திருக்கக் கூடாது. திரும்பி வந்து அந்த விதியை எழுதினேன். இடதும் வலதும் ஒரே விரல் என்றால் எஞ்சின் கிளம்பாது, அவ்வளவுதான். அனுமதி வாங்கி முன்னூற்று நாற்பது விமானங்களில் அது உட்கார மூன்று வருஷம் ஆனது. அதன்பின் ஐந்து வருஷத்தில் ஒரு எஞ்சின்கூட வானத்தில் நின்றதில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

விமானக் கம்பெனிகளுக்கு அது ஆகவே ஆகாது. ஈ ஓட்டும் ஓடுதளத்தில்கூட இரண்டு மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருஷா வருஷம் மனு கொடுப்பார்கள். எங்கள் மேலாளர் பூங்கோதை அம்மா அதை வாங்கி என் மேசையில் வைப்பார். நான் அதன்மேல் டீ கிளாஸை வைப்பேன்.

விதியைத் தாண்ட ஒரு வழி இருந்தது. எட்டு இலக்க எண். அதை விமானிக்குச் சொன்னால் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் பெட்டி வாயை மூடிக்கொள்ளும். எண்ணைச் சொன்னவர் பெயர் பதிவாகும். ஐந்து வருஷத்தில் அதை யாருக்கும் சொன்னதில்லை.

பூங்கோதை அம்மா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"எண் உங்ககிட்டத்தான் இருக்குதுங்க சம்பந்தம். குடுக்கறதும் குடுக்காததும் நீங்க பார்த்துச் செய்யுங்க. குடுத்துட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா நாலு உசுருங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க."

எவ்வளவு அழகாக என் தலையில் கட்டினார். ஆனால் அவர் சொன்னது தப்பில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பக்கமும் போகாமல் நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று நம்பினேன். நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். ரோச்சைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ரோச், நான் கேக்கறதுக்கெல்லாம் ஒவ்வொண்ணா பதில் சொல்லுங்க. திருப்தியா இருந்தா எண்ணைச் சொல்லிடறேன்."

"சீக்கிரம் சார். பிள்ளை வெளுத்துட்டா சார்."

எர்த் ஒயர். பெயிண்டைச் சுரண்டினீர்களா? சுரண்டினேன் சார். முடுக்கிய அளவு? இரண்டு பக்கமும் சொன்னார், சரியாக இருந்தது. பிளக் இடைவெளி? பன்னிரண்டு பிளக்குக்கும் சொன்னார். ஒயர் எங்காவது உரசுகிறதா? கையை விட்டுத் தடவிப் பார்த்துச் சொன்னார். பேட்டரி வோல்ட்டேஜ், அதற்கான துணை பேட்டரி, வெப்ப சென்சார். என் திரையிலும் பெட்டிகள் அனுப்பும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் பச்சை. ஆனாலும் எனக்குத் திருப்தி வரவில்லை. இன்னொரு கேள்வி, இன்னொன்று. பின்னால் ஸ்ட்ரெச்சரை விமானத்தில் ஏற்றும் சத்தம் கேட்டது. "பி.பி. எழுபது" என்று டாக்டர் யாரிடமோ கத்தினார். நான் பிளக் ஒயர்களின் மின்தடையை மறுபடி படிக்கச் சொன்னேன்.

நாற்பத்தைந்து நிமிஷம். அந்த நாற்பத்தைந்து நிமிஷத்தில் என் டிபன் பாக்ஸில் தயிர் புளித்திருக்கும்.

இரண்டு ஐந்துக்கு ரோச்சின் பதில் நின்றது. "ரோச்? ரோச்?" பதில் இல்லை. விமானத்தின் மடக்குப் படி கிறீச்சிட்டது. யாரோ, "மெல்ல, மெல்ல, கையை மட்டும்" என்றார்கள். என் திரையில் வலது பெட்டியின் வரி மாறியது.

மூடியவர்: செலஸ்டின். நேரம்: 14.07.

பெட்டியைக் கழற்றி ஸ்ட்ரெச்சருக்குக் கொண்டுபோனாரா, ஸ்ட்ரெச்சரைப் பெட்டியருகே கொண்டுபோனாரா, எனக்குத் தெரியவில்லை. போனில் அவர் அழுவது மட்டும் கேட்டது.

"அவ கை ஐஸ் மாதிரி இருக்கு சார். மூணு தடவை தேச்சுச் சூடாக்கித்தான் ரேகை விழுந்துச்சு."

இங்கிருந்தே அந்த எஞ்சினைப் பூட்ட எனக்கு ஒரு பட்டன் உண்டு. பொய் விரல் என்று தெரிந்தபின் பூட்டுவதுதான் என் வேலை. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எண்ணையும் சொல்லவில்லை, பட்டனையும் அழுத்தவில்லை. எஞ்சின் கிளம்பும் சத்தம் போனில் கேட்டது. இரண்டு பத்துக்கு மேலே போனார்கள்.

இரண்டு மணி இருபது நிமிஷம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. நாலரைக்குப் பெரிய தீவில் இறங்கினார்கள். செலஸ்டின் நாலு ஐந்துக்கே, கடலுக்கு மேலேயே இறந்துவிட்டாள். முப்பத்தொரு வயது. இன்னும் அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அங்கே தியேட்டரில் காத்திருந்த சர்ஜன் சொன்னாராம். சாதாரணமாக எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இந்தத் தடவை அரை மணி யாரிடம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

விசாரணைக்குப் பெட்டிகளை நான்தான் திறக்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் பெரிய தீவுக்குப் போனேன். ரோச் ஹாங்கர் வாசலில் நின்றார். போனில் பத்து வருஷமாகப் பழக்கம், நேரில் அன்றுதான் பார்த்தேன். ஒடிசலான மனிதர், சட்டைப்பையில் ஜெபமாலை. விரல் விஷயத்தை அவரே எழுதிக் கொடுத்திருந்தார், ஒன்றையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம்.

டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் அவளைப் பற்றியே பேசினார்.

"வேலைல அவ கெட்டி சார். ஆனா ஒரு விளையாட்டு உண்டு. கனெக்டர் சொருகிட்டு, அது கழண்டு வராம பூட்டுத அந்தச் சேப்பு நாக்கை உள்ள தள்ளணும்லா, அதை நாங்க கடைசிக்குன்னு வச்சுக்கிடுவோம். எல்லாம் முடிஞ்ச பொறவு நான் இந்தப் பக்கம் நிப்பேன், அவ அந்தப் பக்கம் நிப்பா. 'அண்ணே, டக்'ம்பா. நானும் 'டக்'னு தள்ளுவேன். சேந்து ஒரே சத்தமாக் கேக்கணும் அவளுக்கு. பொறவுதான் மூடுவோம். பத்து வருசமா அப்படித்தான்."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்று அந்தப் பக்கம் நிற்க ஆளில்லை என்று எனக்கு உறைத்தது.

விசாரணை அதிகாரி நல்ல மாதிரி. "நீங்க செஞ்ச பெட்டி, நீங்களே திறந்து பார்த்துச் சொல்லுங்க சார், நான் எழுதிக்கறேன்" என்றார். இடது பெட்டியின் சீலை உடைத்தோம், வலதையும் உடைத்தோம். மூடிகளின் திருகுகளை நான் கழற்றிக்கொண்டிருந்தபோது அவருக்கு டெல்லியிலிருந்து போன் வந்தது. சிக்னலுக்காக வெளியே போனார்.

மூடியைத் தூக்கினேன். இடது கனெக்டரின் சிவப்பு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வலதிலும் அப்படியே. தள்ளியிருக்கவே இல்லை. கூப்பிட ஆளில்லாததால் ரோச் இரண்டையும் மறந்திருக்கிறார். இரண்டு மணி இருபது நிமிஷ அதிர்வில் இரண்டு கனெக்டர்களும் அரை மில்லிமீட்டர் பின்வாங்கியிருந்தன. இன்னொரு அரை மில்லிமீட்டர் போயிருந்தால் தொடர்பு விட்டிருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக.

நாற்பத்தைந்து நிமிஷத்தில் நான் கேட்காத கேள்வி இது ஒன்றுதான். இதை யாராவது மறப்பார்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோச் திறந்து, பார்த்து, தள்ளிவிட்டு, ஐந்தே நிமிஷத்தில் கிளம்பியிருப்பார்கள். ஒன்றுமே கேட்காமல் ஒன்று இருபத்தைந்துக்கு எண்ணைச் சொல்லியிருந்தாலும் அவள் பிழைத்திருப்பாள். நான் மட்டும்தான் இரண்டுக்கும் நடுவில் நின்று அவளைச் சாகவிட்டேன்.

பெட்டி சொன்னது சரி. விதியும் சரி. நான் இதை உள்ளபடி சொன்னால் ரோச்சின் கதி என்ன? மயங்கிக் கிடந்தவள் விரலை வைத்து, இரண்டு பக்கமும் கனெக்டர் பூட்டாத எஞ்சினில் நாலு பேரைக் கடலுக்கு மேல் அனுப்பினார் என்று ஆகும். லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு. அதைவிடப் பெரிது, தன் கையாலேயே அவளைக் கொல்லப் பார்த்தோம் என்று அந்த மனிதர் ஆயுள் முழுக்க நினைப்பார். ஹாங்கர் கதவு வழியே பார்த்தேன். வெயிலில் தரையில் குந்தியிருந்தார்.

கட்டைவிரலால் இடது கனெக்டரை அழுத்தி நாக்கைத் தள்ளினேன். டக். வலது. டக். சின்னச் சத்தம்தான்.

அதிகாரி திரும்பி வந்தார். "என்ன சார்?"

"ஒரு கோளாறும் இல்லை" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மடமடவென்று நடந்தது. கோளாறே இல்லாத விமானத்தை ஒரு விதி முக்கால் மணி நேரம் பிடித்து வைத்தது, ஒரு பெண்ணும் வயிற்றுப் பிள்ளையும் செத்துப்போனார்கள். பத்திரிகைகளில் அப்படித்தான் வந்தது, என் அறிக்கையின்படி அதுதான் உண்மையும்கூட. டிவியில் செலஸ்டினின் கல்யாண போட்டோவைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ரோச்சுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது, ஊரே அவரைக் கொண்டாடியது. விமானக் கம்பெனிகள் பழைய மனுவைத் தூசி தட்டிக் கொடுத்தன.

பூங்கோதை அம்மா அதை என் மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எடுத்துடலாமுங்களா சம்பந்தம்? நீங்க வேண்டாம்னு சொன்னா நான் சண்டை போடறேன். ஆனா நீங்களே கோளாறு இல்லைன்னு எழுதிட்டீங்களே, நான் எதை வெச்சுச் சண்டை போடறது?"

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ரோச்சின் முகம் ஞாபகம் வந்தது. என் வேலை, பென்ஷன் எல்லாமும்தான் ஞாபகம் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தலையாட்டினேன். பதினோராம் நாள் முன்னூற்று நாற்பது விமானங்களிலும் அந்தக் கேள்வி அழிந்தது. இரண்டு மாதத்தில் இருநூறு மெக்கானிக்குகளுக்கு வேலை போனது. தெற்குத் தீவில் செலஸ்டினின் இடத்துக்கு யாரையும் போடவில்லை. ரோச் தனியாகப் பார்த்துக்கொண்டார். பொங்கலுக்கு எனக்கு ஒரு பெட்டி கருவாடு அனுப்பினார்.

ஏழு மாதம் கழித்து, நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே, கரையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு ஆறு பேர் விமானம் கடலில் விழுந்தது. இடது பெட்டி நின்று நாலு நிமிஷத்தில் வலதும் நின்றது. ஆறு பேரும் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு ஜோடி, கல்யாணமாகி ஒன்பது நாள்.

பெட்டிகள் என் மேசைக்கு வந்தன. இந்த முறை என் இரண்டு பக்கமும் அதிகாரிகள், எதிரே கேமரா. மூடிகளைக் கழற்றினேன். பெட்டிக்குள் சூடு வெளியேற அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. இரண்டு பெட்டியிலும் அந்தத் துளையைச் சிலிகான் பசை வைத்து யாரோ நேர்த்தியாக அடைத்திருந்தார். உப்புக்காற்று உள்ளே போகக் கூடாதே என்று நல்ல மனதோடு செய்த வேலை. ஒரே கை வேலை, பசையை இழுத்துவிட்ட விதத்திலேயே தெரிந்தது.

மெக்கானிக் பெயர் அழகேசன், நாற்பத்துநாலு வயது. அவரையும் அழைத்து வந்திருந்தார்கள். போலீஸ்காரர் பக்கத்தில் நின்றார். அழகேசன் பசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"முன்னாடின்னா இன்னொரு பக்கம் சேகர் பாப்பான் சார். அவன் இதெல்லாம் எதுக்குடா வைக்கிறன்னு கேட்டிருப்பான். ஒரே ஆளு போதும்னு வந்துச்சு, அவனை நிப்பாட்டிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நீங்கதானே சார் ஒண்ணும் ஆகாதுன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அதிகாரி படிவத்தை என் முன்னால் நகர்த்தினார். விபத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம். பொறுப்பானவர் பெயர் என்று ஒரு கட்டம். வலது பக்கத்து அதிகாரி, "மெக்கானிக் தப்புதானே சார்? எழுதிடுங்க, அவருக்கும் வேன் காத்திருக்கு" என்றார்.

எழுதினேன். அழகேசன், வயது நாற்பத்துநாலு. என் பெயரை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது, கடைசியில், பரிசோதித்தவர் என்று போட்டிருந்த இடம். அங்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.